மாடிப்படி விளக்கும் இரண்டு ஆளிகளும்

மின்விளக்கு மனிதனது இல்லத்துட் புகுந்து நூறாண்டுகளுக்கு மேலாகின்றன. 1880ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் வடபாலுள்ள கிராக்சைட் என்னும் மாளிகையில், ஜோசப் சுவான் ஆக்கிய இழைக்குமிழ்கள் ஒளிர்ந்தன. 1884இல் நியூகாசில் நகரத்து ஜோன் ஹென்றி ஹோம்ஸ் என்பார், தொடுகையைக் கணப்பொழுதில் விலக்கித் தீப்பொறியைக் குறைக்கும் ஆளியொன்றை அமைத்தார். இலங்கையிலே 1950ஆம் ஆண்டில் இலட்சபானா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதன் பின்னர், மின்னொளி நகரங்களைக் கடந்து ஊர்கள்தோறும் பரவலாயிற்று. இன்று சிறு குழந்தையும் சுவிச்சைத் தட்டி இருளை நீக்குகின்றது.

எனினும், சுவிச் என மக்கள் வழங்கும் அவ்வாளியின் பின்புறத்தே என்ன நிகழ்கின்றது என்பதை அறிந்தோர் சிலரே. ஆளி பழுதுறும் வரை அவ்வறிவு வேண்டப்படுவதுமில்லை. பழுதுற்ற பின்னரோ, மூடியைக் கழற்றிப் பார்ப்பவர் கண்முன் மூன்று நான்கு கம்பிகள் ஒரே நிறத்தனவாய்த் தோன்றி மயக்குகின்றன. இம்மயக்கம் மாடிப்படி விளக்கிலேயே மிகுதி. கீழே ஓர் ஆளியும் மேலே ஓர் ஆளியும் உள்ள இவ்விளக்கு, சில வேளைகளிற் கீழாளிக்குப் பணியும். சில வேளைகளிற் பணியாது. படியேறிச் சென்ற முதியவர் நள்ளிரவில் இருளிலே இறங்க நேர்கின்றது. அவர் பொருட்டுப் பழுதைத் திருத்த முனையும் இளைஞர், கம்பிகளின் இயல்பறியாது கைவைப்பாராயின் உயிருக்கே ஏதம் விளையலாம். ஆதலின் இவ்விளக்கின் அமைப்பினையும், அதன் குறைகளைக் கண்டறியும் நெறியினையும் ஆராய்தல் பயனுடைத்து.

தனியாளியின் இயல்பு

இலங்கையில் இல்லங்களுக்கு வழங்கப்படும் மின்சாரம் 230 உவோற்று அழுத்தமும், செக்கனுக்கு 50 சுழற்சியும் உடைய ஆடலோட்டமாகும். அது உயிர்க்கம்பி, நொதுமற் கம்பி என்னும் இரண்டின் வழியே வருகின்றது. விளக்கினூடாக இவ்விரண்டும் இணைக்கப்படும்போது சுற்று நிறைவெய்தி மின் பாய்கின்றது. 100 உவாற்று இழைக்குமிழ் ஒன்றினூடு ஏறத்தாழ 0.43 அம்பியர் ஓட்டம் செல்லும். 9 உவாற்று எல்.ஈ.டி. விளக்கினூடு செல்வது அதனினும் மிகக் குறைவு. ஆளி என்பது இப்பாதையில் ஓரிடத்தைத் துண்டிக்கவும் பொருத்தவும் வல்ல வாயிலேயன்றி வேறன்று.

அவ்வாயிலை உயிர்க்கம்பியிலும் வைக்கலாம், நொதுமற் கம்பியிலும் வைக்கலாம். எங்கு வைப்பினும் விளக்கு எரியும், அணையும். எனவே இரண்டும் ஒன்றென எண்ணுதல் பெருந்தவறு. ஆளி உயிர்க்கம்பியில் இருப்பின், அதனை அணைத்தவுடன் விளக்குத் தாங்கி மின்னினின்றும் நீங்குகின்றது. நொதுமற் கம்பியில் இருப்பின், விளக்கு அணைந்தபின்னும் தாங்கியின் இரு முனைகளும் உயிர்ப்புடனேயே நிற்கும். குமிழை மாற்ற ஏறியவர், ஒளியில்லையே, மின்னும் இராது என நம்பித் தாங்கியின் உள்ளே விரலை வைப்பாராயின் அதிர்ச்சி தாக்கும். விளக்கு அணைந்திருத்தல் வேறு, மின் அகன்றிருத்தல் வேறு என்பதே இத்துறையின் முதற்பாடம்.

நிறத்தின் மயக்கம்

கம்பிகளை வேறுபடுத்தி அறிதற்கே அவற்றின் உறைகளுக்கு நிறம் ஊட்டப்படுகின்றது. பழைய பிரித்தானிய முறைப்படி சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமல், பச்சை புவிக்கம்பி. பின்வந்த ஐரோப்பியப் பொதுமுறைப்படி கபிலம் உயிர்க்கம்பி, நீலம் நொதுமல், பச்சையும் மஞ்சளும் கலந்தது புவிக்கம்பி. பிரித்தானியாவில் நிலையான கம்பியமைப்புகளுக்கு இம்மாற்றம் 2004ஆம் ஆண்டில் இடங்கொடுக்கப்பெற்று, 2006 ஏப்பிரில் முதற் புதிய வேலைகளிற் கட்டாயமாயிற்று. பழைய முறையில் நொதுமலாயிருந்த கறுப்பு, புதிய மூவவத்தை முறையில் உயிர்க்கம்பிகளுள் ஒன்றாகின்றது. பழைய மூவவத்தை முறையில் உயிர்க்கம்பியாயிருந்த நீலம், புதிய முறையில் நொதுமலாகின்றது. ஓரில்லத்தின் பழைய பகுதி ஒரு முறையிலும், பின் கட்டிய பகுதி மறு முறையிலும் அமைந்திருப்பின் நிறம் வழிகாட்டுவதற்கு மாறாக வழிமயக்கும்.

முறை ஒன்றாகவே இருப்பினும் மயக்கம் முற்றும் நீங்குவதில்லை. சிவப்பும் கறுப்பும் ஓருறையுள் அமைந்த இரட்டைக் கம்பியை ஆளிக்கு இறக்கும்போது, சிவப்பு ஆளிக்கு மின்னைக் கொண்டு செல்கின்றது. கறுப்போ ஆளியிலிருந்து விளக்குக்கு அம்மின்னையே மீட்டுச் செல்கின்றது. ஆகவே அக்கறுப்பு நொதுமல் அன்று; ஆளி பொருந்திய பொழுதெல்லாம் அதுவும் உயிர்க்கம்பியே. இவ்வுண்மையை உணர்த்தும் பொருட்டு அதன் நுனியிற் சிவப்பு நாடா சுற்றுதல் நல்ல வேலையாளரின் வழக்கம். நாடா சுற்றப்படாத இடங்களே மிகுதி.

இதனால் விளையும் இடர் ஒன்றினை இங்கிலாந்தின் இல்லங்களிற் காணலாம். ஆங்குக் கூரையிலுள்ள இணைப்புப் பெட்டியில், மின் வரும் கம்பி, அடுத்த விளக்குக்குச் செல்லும் கம்பி, ஆளிக்கு இறங்கும் கம்பி என மூன்று இரட்டைகள் வந்து கூடுவது பெருவழக்கு. புதிய விளக்கைப் பொருத்துவோர், முன்னிருந்த ஒழுங்கைக் குறித்துக்கொள்ளாது, சிவப்பனைத்தையும் ஒன்றாகவும் கறுப்பனைத்தையும் ஒன்றாகவும் முறுக்கிவிடுவர். உடனே விளக்கு ஆளியின்றியே எரியும். அதனை அணைக்கக் கருதி ஆளியைத் தட்டினால் உருகி அறும், அன்றேற் சுற்றுடைப்பான் விழும். காரணம் வெளிப்படை: ஆளியிலிருந்து மீண்ட கறுப்பு நொதுமலோடு சேர்ந்துவிட்டமையால், ஆளியைப் பொருத்துவது உயிர்க்கம்பியையும் நொதுமலையும் நேரே பொருத்துவதாய் முடிகின்றது. ஆளியிற் குறையில்லை, குறை நிறத்தை நம்பியதில் உளது.

இருவழி ஆளியின் அமைப்பு

இனி மாடிப்படி விளக்கைக் கருதுதல் தகும். சாதாரண ஆளிக்கு இரண்டு முனைகள் போதும். இருவழி ஆளிக்கோ மூன்று முனைகள் உள: ஒன்று பொதுமுனை, ஏனைய இரண்டும் கிளைமுனைகள். ஆளியின் நாக்கு ஒரு நிலையிற் பொதுமுனையை முதற் கிளையோடும், மறுநிலையில் இரண்டாங் கிளையோடும் பொருத்தும். எந்நிலையிலும் அது எதனோடேனும் பொருந்தியே இருக்கும். ஆகவே இருவழி ஆளியிற் பொருத்தும் நிலை இது, துண்டிக்கும் நிலை இது என வரையறுத்தல் இயலாது.

கீழாளியின் பொதுமுனைக்கு உயிர்க்கம்பி வருகின்றது. மேலாளியின் பொதுமுனையிலிருந்து விளக்குக்குக் கம்பி செல்கின்றது. இரண்டு ஆளிகளின் கிளைமுனைகளையும் இரு கம்பிகள் இணைக்கின்றன. இவற்றை இணைகம்பிகள் எனலாம். இரு நாக்குகளும் ஒரே இணைகம்பியைத் தொடுமாயின் விளக்கு எரியும். ஒன்று முதற் கம்பியையும் மற்றது இரண்டாங் கம்பியையும் தொடுமாயின் விளக்கு அணையும். எனவே எந்த ஆளியை எப்பொழுது தட்டினும், எரிவது அணையும்; அணைந்தது எரியும். இரண்டு இணைகம்பிகளும் ஓரிடத்தில் ஒன்றுக்கொன்று மாறிப் பொருத்தப்படினும் தீங்கில்லை. எரியும் நிலைகளும் அணையும் நிலைகளும் தம்முள் இடம் மாறுமேயன்றி, விளக்கின் ஒழுங்கு கெடாது. ஆனாற் பொதுமுனைக்கு உரிய கம்பி கிளைமுனைக்கு மாறுமாயின் ஒழுங்கு முழுவதும் கெடும்.

நான்கு நிலைகளை எண்ணுதல்

ஆளியின் மூடியைக் கழற்றாமலே, அதன் உட்பழுதினைப் பெரும்பாலும் ஊகித்தறிய ஓர் எளிய நெறியுண்டு. இரண்டு ஆளிகளுக்கும் இவ்விரண்டு நிலைகள் உளவாதலின், கூட்டுநிலைகள் நான்கு: இரண்டும் மேல்நோக்கியவை, இரண்டும் கீழ்நோக்கியவை, கீழாளி மட்டும் மேல்நோக்கியது, மேலாளி மட்டும் மேல்நோக்கியது. ஒரு தாளில் இந்நான்கினையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் விளக்கு எரிகின்றதா, அணைகின்றதா எனக் குறித்துக்கொள்ளல் வேண்டும். விடை அவ்வெண்ணிக்கையில் அடங்கியுள்ளது.

நான்கு நிலைகளுள் இரண்டில் விளக்கு எரிந்து, ஆளியொன்றைத் தட்டும் ஒவ்வொரு முறையும் ஒளி மாறுமாயின் அமைப்புச் செவ்விதாக உளது. இரண்டில் எரிந்தும், ஓர் ஆளியைத் தட்டுவதால் எவ்வித மாற்றமும் நிகழாதாயின், அவ்வாளி சுற்றில் தன் தொழிலை இழந்துவிட்டது என்பது பெறப்படும்.

ஒரு நிலையில் மட்டுமே எரிந்து ஏனைய மூன்றிலும் இருளுமாயின், மூன்று காரணங்கள் கருதற்பாலன. முதலாவது, ஏதேனும் ஓராளியிற் பொதுமுனைக்குரிய கம்பி கிளைமுனையிலும், இணைகம்பி ஒன்று பொதுமுனையிலும் மாறிப் பொருத்தப்பட்டிருத்தல். அப்போது அவ்வாளி ஒரு நிலையில் இரு இணைகம்பிகளையும் தம்முள் வீணே இணைத்து, உயிர்க்கம்பியையோ விளக்குக் கம்பியையோ தனித்து விடுகின்றது. இரண்டாவது, இணைகம்பிகளுள் ஒன்று அறுந்தோ முனையிலிருந்து நழுவியோ இருத்தல். மூன்றாவது, பழைய இருவழி ஆளிக்கு மாற்றாகக் கடையில் வாங்கிய ஆளி இருமுனையுடைய தனியாளியாக இருத்தல்.

இம்மூன்றும் ஒரே குறியைக் காட்டுவதால் எண்ணிக்கை மட்டும் அவற்றை வேறுபடுத்தாது. ஈண்டு உதவுவது வரலாறு. நேற்றுவரை நன்கு இயங்கி, யாரும் தொடாதிருக்கவே கெட்டதாயின், கம்பிகள் தாமே இடம் மாறியிரா. அறுதலோ, திருகாணி தளர்தலோ, நாக்குத் தேய்தலோதான் காரணமாகும். ஆளியை மாற்றிய அன்றே, அல்லது சுவருக்கு வர்ணம் பூசிய அன்றே தொடங்கியதாயின், மாறிப் பொருத்தியமையே பெரும்பாலும் காரணமாகும். நோயாளி எப்போது முதல் நோயுற்றார் என வினவாது மருந்து கொடுக்கும் மருத்துவர் இலர். கம்பிப் பழுதுக்கும் அவ்வினாவே முதல் வினா.

எந்நிலையிலும் விளக்கு எரியாதாயின், முதலிற் குமிழையும், அடுத்துச் சுற்றுடைப்பானையும் நோக்குக. பின்னரே உயிர்க்கம்பி, நொதுமல், பொதுமுனைகள் என்பவற்றை ஐயுறுக. இரண்டு ஆளிகளிலும் பொதுமுனைக் கம்பிகள் மாறிப் பொருந்தின், மாறிய வகைக்கேற்ப ஒரு நிலையிலேனும், ஒன்றிலுமன்றியும் எரிதல் கூடும். நான்கு நிலைகளிலும் எரியுமாயின், இணைகம்பிகள் இரண்டும் எங்கோ ஒன்றையொன்று தொட்டுள்ளன, அல்லது விளக்குக் கம்பிக்கு ஆளிகளைக் கடந்து மின் வருகின்றது. இங்குக் கூறிய எண்ணிக்கைகள் மேலே விளக்கிய இணைப்பு முறைக்கே உரியன. உயிர்க்கம்பியும் விளக்குக் கம்பியும் ஓராளிப் பெட்டிக்கே வந்து, மூன்று கம்பிகள் மற்றையாளிக்குச் செல்லும் வேறொரு முறையும் உண்டு. அவ்வமைப்பிலும் செவ்விய நிலைக்குரிய எண் இரண்டேயாயினும், குறைகளின் குறிகள் வேறுபடும்.

எண்ணிக்கையின் பின்னுள்ள அளவையியல்

இச்சிறு ஆராய்ச்சி மாடிப்படியோடு முடிவதன்று. இரண்டு தனியாளிகளைத் தொடரில் இணைத்தால், இரண்டும் பொருந்தும் ஒரு நிலையில் மட்டும் விளக்கு எரியும். அஃது "இதுவும் அதுவும்" என்னும் அளவைக் கூற்று. சமாந்தரமாக இணைத்தால் நான்கில் மூன்று நிலைகளில் எரியும். அஃது "இதுவேனும் அதுவேனும்" என்னும் கூற்று. மாடிப்படி விளக்கோ இரண்டு நிலைகளில் எரிகின்றது. அது "இரண்டும் ஒத்தனவா, ஒவ்வாதனவா" என வினவி விடை கூறுகின்றது. கம்பி மாறிய மாடிப்படி விளக்கு, முன்றாங் கூற்றினின்றும் வழுவி முதற் கூற்றாகிவிட்டது என இப்பொழுது கூறலாம்.

இத்தகைய கூற்றுகளை அட்சரகணிதம் போற் கையாளும் முறையை ஜோர்ஜ் பூல் என்னும் அறிஞர் 1854ஆம் ஆண்டில் விரிவான நூலாக வெளியிட்டார். எண்பது ஆண்டுகளுக்கு மேல் அது தத்துவ அறிஞர்க்கும் கணித அறிஞர்க்குமே உரியதாயிருந்தது. 1937இல், அமெரிக்காவின் மசச்சூசெற்சுத் தொழினுட்பக் கழகத்து மாணவர் குளோட் ஷனன், ஆளிகளும் அஞ்சலிகளும் அமைந்த சுற்றுகளைப் பூலின் கணிதத்தால் விளக்கலாம் என்பதைத் தமது முதுமாணி ஆய்வேட்டில் நிறுவினார்; அதன் சாரம் 1938இல் வெளியாயிற்று. இக்காலக் கணனிகளின் உள்ளே கோடிக்கணக்கான நுண்ணாளிகள் செய்வதும் இவ்வகைத் தொழிலே. இரு எண்களைக் கூட்டும் கணனிச் சுற்றில், மாடிப்படி விளக்கின் அளவைக் கூற்று ஓர் இன்றியமையாத உறுப்பாகும்.

ஆளிகள் மூன்றாயினும் கொள்கை மாறாது. கீழாளிக்கும் மேலாளிக்கும் இடையே, இரு இணைகம்பிகளையும் நேராகவோ குறுக்காகவோ பொருத்தவல்ல நான்குமுனை இடையாளி ஒன்றை வைப்பின் போதும். அப்பொழுது நிலைகள் எட்டு. அவற்றுள் நான்கில் விளக்கு எரியும். இடையாளிகளை எத்துணை பெருக்கினும், நிலைகளிற் சரிபாதியில் விளக்கு எரியும் என்பது மாணவர் தாளிலே வரைந்து மெய்ப்பிக்கத்தக்க நல்ல பயிற்சியாகும்.

அணைந்தும் அணையாத ஒளி

அண்மைக் காலத்திற் புதியதொரு மயக்கமும் தோன்றியுள்ளது. பழைய இழைக்குமிழை நீக்கி எல்.ஈ.டி. விளக்கைப் பொருத்திய சில மாடிப்படிகளில், அணைத்த பின்னும் மெல்லிய ஒளி தேங்கி நிற்கின்றது. விளக்கு அணைந்த நிலையில் இணைகம்பிகளுள் ஒன்று உயிர்ப்புடனும், அதனை ஒட்டிச் செல்லும் மற்றது விளக்கோடு பொருந்தியும் இருத்தல் கூடும். நெடுந்தூரம் அருகருகே செல்லும் இரு கம்பிகள் சிறியதொரு கொள்ளளவியாய் அமைந்து, ஆடலோட்டத்தின் நுண்ணிய பகுதியை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்துகின்றன. அவ்வோட்டம் தங்குதன் இழையைச் சூடேற்றப் போதாது, ஆயின் எல்.ஈ.டி.யைச் சற்றே ஒளிர்விக்கப் போதும். ஆளி நொதுமற் கம்பியில் தவறாக வைக்கப்பட்டிருப்பினும், இருளில் ஒளிரும் சிறு விளக்கு ஆளியிலேயே அமைந்திருப்பினும் இத்தோற்றம் விளையலாம். ஆதலின் இதனைப் புதுமை எனக் கருதி விட்டுவிடாது, ஆளி உயிர்க்கம்பியில் உள்ளதா எனத் தகுதியுடையோரைக் கொண்டு சோதிப்பித்தல் நன்று.

காவல் நெறி

1882ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தந்திப் பொறியியலாளர், மின்னியலாளர் சங்கம் கம்பியமைப்புக்கான விதிகளை முதன்முதல் வெளியிட்டபோது, மின்விளக்கால் தீவிபத்து நேராது காத்தலே அதன் நோக்கமாயிருந்தது. பின்னர் மனிதரை அதிர்ச்சியினின்றும் காத்தலும் அத்தகைய விதிகளின் உயிர்நாடியாயிற்று. மாடிப்படி விளக்கில் இக்காவல் இருமடங்கு வேண்டற்பாலது. இரு மாடங்களுக்கும் தனித்தனிச் சுற்றுடைப்பான்கள் உள்ள இல்லங்களில், படிவிளக்குக்கு உயிர்க்கம்பியைக் கீழ்ச்சுற்றிலிருந்தும், நொதுமலை மேற்சுற்றிலிருந்தும் எடுத்துவிடுதல் உண்டு. அதனை இரவல் நொதுமல் எனலாம். மேற்சுற்றை மட்டும் நிறுத்திவிட்டு அந்நொதுமல் இணைப்பைப் பிரிப்பவரை, கீழ்ச்சுற்றின் மின் விளக்கினூடாக வந்து தாக்கும். ஒரு சுற்றுடைப்பானை மட்டும் நம்பாது முதன்மை ஆளியையே நிறுத்துதல் வேண்டும் என்பதற்கு இதுவே வலுவான காரணம்.

நிறுத்திய பின்னும் சோதித்தல் வேண்டும். ரெஸ்ரர் என வழங்கும் ஒளிரும் திருகி, தொடுபவரது உடலூடாகச் செல்லும் மிக நுண்ணிய ஓட்டத்தால் ஒளிர்வது. உலர்ந்த பலகைமேல் நிற்பவர் கையில் அது ஒளிராதும் போகலாம். உயிர்க்கம்பியை ஒட்டிக் கிடக்கும் வெறுங்கம்பியில் வீணே ஒளிரவும் கூடும். எனவே, மின்னுள்ளதென அறிந்த ஓரிடத்தில் முதலிற் கருவியைச் சோதித்து, பின் வேலை செய்யும் கம்பிகளைச் சோதித்து, மீண்டும் முதலிடத்திற் கருவியைச் சோதித்தல் முறை. இல்லங்களில் வழங்கும் 30 மில்லியம்பியர் மீதியோட்டச் சுற்றுடைப்பான், மின் புவிக்கு ஒழுகும்போது அதனை உணர்ந்து விரைந்து துண்டிக்கும். எனினும் ஒரு கையால் உயிர்க்கம்பியையும் மறுகையால் நொதுமலையும் பற்றியவரை, அவ்வுடலும் ஒரு விளக்கே எனக் கருதி அது வாளாவிருந்துவிடும். அதனால் அக்கருவியைத் துணையாகக் கொள்ளலாமேயன்றி, விழிப்புக்கு மாற்றாகக் கொள்ளலாகாது.

ஆளியின் உட்புறத்தைத் திருத்துதல் தகுதிபெற்ற மின்வேலையாளரின் கடன். கம்பிகளைக் கழற்றுமுன் ஒவ்வொன்றும் எம்முனையில் இருந்ததெனக் குறித்து நாடா ஒட்டுதலும், இயலுமாயிற் படமெடுத்து வைத்தலும் அவர்க்கும் உதவும். இல்லத்தாரின் கடனோ வேறு: நான்கு நிலைகளையும் பொறுமையுடன் தட்டிப் பார்த்து, எரிந்தவற்றையும் எரியாதவற்றையும் தாளிற் குறித்து, பழுது எப்போது தொடங்கிற்று என்பதையும் உடன் எழுதி அவரிடம் கொடுத்தல். அச்சிறு தாள், வீணான சுவருடைப்பையும் வேண்டாத செலவையும் தவிர்க்கும். அதற்குத் தேவையானவை எழுதுகோலும் இரண்டு நிமிட நேரமுமே. மின்னைத் தொடவேண்டிய தேவை சிறிதும் இல்லை.